ரொக்ஸ்பரோவில் ஒரு தீவிர வாடிக்கையாளர்

பேரின்பநாதன் இணையத்தில் தன் முகத்தை முதன்முதலாகச் சந்தித்தது ஒரு மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில்.

காலைக் கோப்பியோடு மரண அறிவித்தல் பார்ப்பது அவர் வயதுக்காரர் பலருக்கும் உள்ள பழக்கம்தான். லண்டனில் யார், நோர்வேயில் யார், ஸ்காபரோவில் யார் என்று ஒரு சுற்றுப் பார்த்து, தெரிந்தவர் ஒருவரும் இல்லையென்றால் மிச்சக் கோப்பி கொஞ்சம் இனிக்கும். அன்றைக்கு ஓர் ஓய்வுபெற்ற தபாலதிபர் காலமாகியிருந்தார். மாலை போட்ட அவருடைய படத்துக்கு வலப்பக்கத்தில், நீலக் கழுத்துப்பட்டி கட்டி, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, கடைவாய்ப் பல் வரை தெரியச் சிரித்தபடி பேரின்பநாதன் நின்றார். கீழே கொட்டை எழுத்தில், 'இதுதான் நல்ல நேரம்!'

"சிவா, ஓடி வாரும்! நான் வந்திட்டன்!" என்று கூப்பிட்டார்.

மனைவி சிவாஜினி மொன்றியல் நகருக்குள் இருந்த கார்டெரிக்கு, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கு, வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வந்து எட்டிப் பார்த்து, "செத்த வீட்டிலை ஏன் உப்பிடிச் சிரிக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பேரின்பநாதன் வீடு வாங்கி விற்கும் முகவர். மொன்றியலின் மேற்குப் பக்கத்துத் தமிழருக்கு அவருடைய முகம் புதிதல்ல. கோயில் கலண்டரில் இருந்தது, பலசரக்குக் கடைப் பைகளில் இருந்தது, ஒரு காலத்தில் பியர்பொண்ட்ஸ் தெருவில் பஸ் தரிப்பு வாங்கிலும் இருந்தது. அந்த வாங்கில் ஆட்கள் தன் முகத்தின் மேல்தான் குந்தியிருக்கிறார்கள் என்பது அவருக்குப் பிந்தித்தான் உறைத்தது. அதன் பிறகுதான் ரொறன்ரோவில் விளம்பர நிறுவனம் நடத்தும் றெக்ஸ் என்ற இளைஞனைப் பிடித்தார்.

"விளம்பரத்தை ஆக்கள் பாத்த காலம் போட்டுது, அண்ணை. இப்ப விளம்பரம் ஆக்களைப் பாக்கும். வீடு விக்கிற யோசினை ஒருத்தருக்கு இருந்தால் போதும், அவர் எங்கை போனாலும் நீங்கள் பின்னாலை போவியள்" என்றான் றெக்ஸ்.

முதல் வாரங்களில் பேரின்பநாதனுக்குக் கால் தரையில் படவில்லை. தன் படத்தைக் கண்ட இடத்திலெல்லாம் அழுத்தினார். அழுத்தினால் அவருடைய சொந்தத் தளம் திறக்கும், அங்கே ஒரு சின்னக் காணொளியில் அவரே தோன்றி, "முதலிலை உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ. நான் ஆறுதலாக் கேக்கிறன்" என்பார். அதை முழுவதும் பார்த்து, வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, திரும்பி வருவார். அடுத்த பக்கத்திலும் அவரே நிற்பார். மறுபடி அழுத்துவார்.

புரட்டாதி கழிவதற்குள் நிலைமை மாறியது. காலநிலை பார்க்கப் போனால் மேகத்துக்குப் பக்கத்தில் அவர். பழுதாய்ப்போன பனி அள்ளும் இயந்திரத்துக்குப் புதிது தேடினால் இயந்திரங்களுக்கு நடுவில் அவர். குடும்ப வைத்தியர் கொலஸ்ட்ரோல் கூடுதல் என்று சொல்லிவிட்டார் என்ற கவலையில் ஒரு மருத்துவக் கட்டுரையைத் திறந்தார். 'அடைபட்ட இரத்தக் குழாய்களின் அறிகுறிகள்' என்ற தலைப்புக்குக் கீழே அதே சிரிப்பு. 'தாமதிக்காதீர்கள். இன்றே அழையுங்கள்!'

கண்ணாடியில் வரும் முகமென்றால் நாம் அழும்போது அழும். இது அப்படியில்லை. அவருக்குப் பல்வலி வந்த நாளிலும் அது சிரித்தது. மகள் ஒட்டாவாவிலிருந்து இந்தத் தீபாவளிக்கும் வர முடியாது என்று எழுதியதைப் படித்தபோதும் பக்கத்தில் நின்று சிரித்தது. நீலக் கழுத்துப்பட்டியை அவர் கட்டுவதை நிறுத்தினார். ஒருநாள் திரையைப் பார்த்து, "போடா அங்காலை" என்று அவர் உறுக்கியதைச் சிவாஜினி சமையலறையிலிருந்து கேட்டாள். வெளியே போகும் ஏதோ பூனைக்கு என்று நினைத்திருப்பாள்.

அந்த நேரத்தில்தான் றெக்ஸ் தொலைபேசியில் வந்தான். குரலில் ஒரு கொண்டாட்டம்.

"அண்ணை, ஒரு ஆள் விழுந்திட்டார்."

"எங்கை விழுந்தவர்?"

"உங்கடை வலையிலை, அண்ணை. நான் உந்தத் தொழிலிலை இப்பிடி ஒரு வாடிக்கையாளரைக் கண்டதில்லை. உங்கடை விளம்பரத்தை விடிய, மத்தியானம், பின்னேரம் எண்டு அமத்திக்கொண்டே இருக்கிறார். வீடியோவை அடி முதல் நுனி வரை பாக்கிறார். ஒருக்கா இல்லை, திரும்பத் திரும்ப. ஆள் வீடு விக்கத் துடிக்கிறார். வாய் திறந்து கேக்கத்தான் வெக்கப்படுறார் போலை."

"ஆரடாப்பா அந்தப் புண்ணியவான்?"

"பேர் சொல்ல ஏலாது, அண்ணை. தனியுரிமைச் சட்டம். ஆனா மற்றதெல்லாம் தெரியும்" என்று றெக்ஸ் சொல்லத் தொடங்கினான். ஆள் ரொக்ஸ்பரோ, பேரின்பநாதன் குடியிருக்கும் அதே புறநகர். தமிழ். ஐம்பதைத் தாண்டிய ஆண். காலமை எழும்பினவுடன் மரண அறிவித்தல் பார்ப்பவர். கொலஸ்ட்ரோல் இருக்கிறது, அதைப் பற்றிப் பயமும் இருக்கிறது. பனி அள்ளும் மெசின் தேடுகிறார். "இனித்தான் விசயம் இருக்கு, அண்ணை. வெர்டனிலை, மெட்ரோக்குப் பக்கத்திலை, சின்ன அப்பாட்மென்ற் பாக்கிறார். ஒற்றைப் படுக்கையறை. அதோடை... பொம்பிளையள் போடுற நீச்சல் உடுப்பும் பாக்கிறார். கொஞ்சம் பெரிய சைஸ்."

பேரின்பநாதன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். வீட்டுத் தொழிலில் இருப்பவருக்கு இதில் விளங்க என்ன இருக்கிறது? பெரிய வீட்டுக்காரர், தூரத்தில், மெட்ரோவுக்குப் பக்கத்தில், ஒருவருக்கும் தெரியாத ஒரு சின்ன இருப்பிடம், பெரிய சைஸ் நீச்சல் உடுப்பு. ஒரு குடும்பம் பிரியப் போகிறது. பிரியும் குடும்பத்தின் வீடு அவசரமாக விலைக்கு வரும்.

"பாவம் அவற்றை மனிசி" என்றார் பேரின்பநாதன். உண்மையாகவே அவருக்குக் கவலையாக இருந்தது. ஆனாலும் அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டார்.

அடுத்த நாள் தொடங்கி அவர் ரொக்ஸ்பரோவின் ஒவ்வொரு தமிழ் வீட்டையும் மனதுக்குள் திறந்து பார்த்தார். அந்த ஆள் மேல் அவருக்கு இனந்தெரியாத ஒரு பாசம் ஏற்பட்டிருந்தது. தன் காணொளியை முழுவதும் பார்க்கும் மனிதர் உலகத்தில் ஒருவராவது இருக்கிறாரே! மூன்று நாள் யோசித்ததில் மிஞ்சியவர் குணரத்தினம். ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த பெரிய மூலை வீட்டுக்காரர், விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாய் திறந்து எதையும் கேட்காத சுபாவம். எல்லாம் பொருந்தியது.

பேரின்பநாதன் ஒரு பெட்டி முறுக்கோடு போனார். குணரத்தினம் வரவேற்பறையில் கால்களைக் கதிரைமேல் நீட்டிக்கொண்டு இருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணி போட உள்ளே போன நேரம் பார்த்துப் பேரின்பநாதன் தொடங்கினார்.

"அண்ணை, கொலஸ்ட்ரோல் எப்பிடி?"

குணரத்தினம் காலைக் கீழே இறக்கினார். "ஆர் உனக்குச் சொன்னது?"

பேரின்பநாதன் அவசரமாகப் பெட்டியைத் திறந்து அவர் கையில் ஒரு முறுக்கை வைத்தார். "ஒருத்தரும் சொல்லேல்லை. சும்மா கேட்டனான். காலமையிலை மரண அறிவித்தல் பாப்பியளோ?"

"பாக்காமல்? ஏன், ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. இன்னும்."

அந்தக் கடைசிச் சொல்லை ஆறுதலுக்காகத்தான் சொன்னார். குணரத்தினம் முறுக்கைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். பேரின்பநாதன் கதிரையைக் கிட்ட இழுத்து, குரலைத் தணித்தார்.

"அண்ணை, நீச்சல்..."

"என்ன நீச்சல்?"

"நீங்கள் எண்டு சொல்லேல்லை. உங்களுக்கு வேண்டப்பட்ட ஆரும். கொஞ்சம் உடம்பான ஆள். வெர்டன் பக்கம்."

சமையலறையில் கோப்பைகள் தட்டுப்படும் சத்தம் நின்றது. குணரத்தினம் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார், இந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஏதோ ஒரு பழியில் தான் மாட்டியிருப்பது மட்டும் விளங்கியது.

"அண்ணை, நான் சரி பிழை சொல்ல வரேல்லை. அது உங்கடை வாழ்க்கை. நேரம் வரேக்குள்ளை வீட்டை மட்டும் என்னட்டைத் தாங்கோ" என்று பேரின்பநாதன் அவருடைய கையைப் பிடித்தார்.

"தம்பி, நீ போட்டு இன்னொரு நாளைக்கு வா" என்று குணரத்தினம் கையை விடுவித்துக்கொண்டார். தேத்தண்ணி வரவேயில்லை.

மறைக்கிறார், பரவாயில்லை, பழம் கனிந்தால் தானாக விழும் என்று எண்ணிக்கொண்டு பேரின்பநாதன் வீட்டுக்கு வந்தார். மனம் இலேசாக இருந்தது. மடிக்கணினியைத் திறந்தார். ஹொக்கி முடிவுகளுக்குப் பக்கத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. இனிப் பொறுக்க முடியாது என்று தோன்றியது. வாடிக்கையாளருக்கு அது தேவை, தனக்கு ஏன்?

அவர்களுடைய வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் கயல் என்ற பெண் குடியிருந்தாள். திருப்பூர்க்காரி. நகரத்தின் நடுவில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. சனிக்கிழமை பின்னேரம் அவளை மேலே கூப்பிட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்தார். சிவாஜினி கோயிலுக்குப் போயிருந்தாள்.

"பிள்ளை, உந்த மூஞ்சை எனக்கு இனித் தெரியக் கூடாது."

கயல் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அங்கிள், இது நீங்கதானே?"

"அதுதான் சொல்லுறன். நான் கதிரையிலை இருக்கிறன், காணாதே? அதுக்குள்ளையும் ஏன்?"

கயல் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பண்ணிடலாம். இது எப்படின்னா, நீங்க ஒரு பக்கத்துக்குப் போனீங்கன்னா, உங்க சட்டைக்குப் பின்னால ஒரு சீட்டு ஒட்டி அனுப்பிடுவாங்க. அடுத்த பக்கத்துல இருக்கிறவன் அதைப் படிச்சுட்டு அவன் பங்குக்கு ஒண்ணு ஒட்டுவான். உங்க முதுகு இப்போ கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி இருக்கு."

"உமக்கு எப்பிடி உதெல்லாம் தெரியும்?"

"எங்க ஆபீஸ்ல பகல் முழுக்க அந்தச் சீட்டு ஒட்டுற வேலைதான் பண்றோம்" என்றாள் கயல், வெட்கம் ஒன்றும் இல்லாமல். "சாயங்காலம் வீட்டுக்கு வந்தா என் கம்ப்யூட்டர்ல ஒரு விளம்பரம் வராது. நானே எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கேன்."

வேலை தொடங்கியது. பழைய உலாவியில் இருந்த சீட்டுகளையெல்லாம் அழித்தாள். விளம்பரத்தைத் தடுக்கும் ஒரு சிறு மென்பொருளை உலாவியோடு சேர்த்தாள். அவர் போகும் பக்கத்தைத் தவிர வேறு யாரும் சீட்டு ஒட்ட முடியாதபடி ஓர் இடத்தில் திருகினாள். உலாவியை மூடும்போதெல்லாம் எல்லாம் துடைபட வேண்டும் என்று இன்னொரு இடத்தில் சொன்னாள். தேடும் இயந்திரத்தை மாற்றினாள். 'இந்தத் தளம் உங்கள் இருப்பிடத்தை அறிய விரும்புகிறது' என்று கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை, இல்லை என்று பதில் வைத்தாள்.

"இதை வேற யாராவது யூஸ் பண்றாங்களா அங்கிள்?"

"இல்லை, நான்தான். சிவா இடைக்கிடை சமையல் பாப்பா."

"அப்போ சரி" என்று கயல் கடைசிப் பொத்தானை அழுத்தினாள்.

மரண அறிவித்தல் பக்கம் திறந்தது. இறந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். பக்கத்தில் வெள்ளை வெளேரென்ற வெளி. பேரின்பநாதன் பெருமூச்சு விட்டார். ஒரு வீட்டிலிருந்து ஆகாத விருந்தாளி பெட்டி படுக்கையோடு போன மாதிரி இருந்தது.

அந்த நிம்மதி ஞாயிறு மத்தியானம் வரைக்கும் நின்றது. காலநிலைப் பக்கம் அவரைப் பார்த்து, "பொன்ஷூர்! நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டது. சொல்ல மறுத்ததும் ரொறன்ரோ மழையைக் காட்டியது. வங்கி, இதற்கு முன் உங்களைக் கண்டதில்லையே என்றது. இன்னொரு தளம் அவர் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி, ஒன்பது படங்களைப் போட்டு, மோட்டார் சைக்கிள் உள்ளவற்றைத் தொடச் சொன்னது. ஒரு சக்கரத்தின் ஓரம் மட்டும் தெரிந்த படத்தைத் தொடுவதா விடுவதா என்று அவர் நெடுநேரம் யோசித்தார். விட்டார். பிழை என்றது.

"அரை மொன்றியலுக்கு வீடு வித்தவன் நான். என்னை மனிசனோ எண்டு கேக்குது" என்று சிவாஜினியிடம் முறையிட்டார்.

"என்னை ஆர் எண்டு கேக்குது" என்றாள் சிவாஜினி. அவள் முகம் ஏனோ வாடியிருந்தது. "எல்லாத்தையும் ஏன் அழிச்சனீங்கள்?"

"உம்மடை சமையல் குறிப்புத்தானே? திரும்பத் தேடினால் வரும்."

சிவாஜினி மடிக்கணினியை மூடிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை றெக்ஸ் தொலைபேசி எடுத்தான். இந்த முறை குரலில் கொண்டாட்டம் இல்லை.

"அண்ணை, ஆள் போட்டார்."

"எங்கை போட்டார்?"

"தெரியேல்லை. சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் இருந்தவர். பேந்து ஒரேயடியா இல்லை. ஒருத்தர் மெல்ல மெல்ல ஆர்வம் குறைஞ்சு போறதை நான் கண்டிருக்கிறன். இது அப்பிடி இல்லை. லைற் நிப்பாட்டின மாதிரி. வேறை முகவரிட்டைப் போயிருந்தால் கொஞ்ச நாளைக்காவது அங்கை இங்கை தெரிவார். இது..." றெக்ஸ் நிறுத்தினான். "கொலஸ்ட்ரோலும் இருந்தது, என்ன?"

பேரின்பநாதனுக்கு மூலை வீட்டுக் குணரத்தினம் கண்முன் வந்தார். ஒரு வாடிக்கையாளருக்காக இவ்வளவு கலங்குவது அவருக்கே புதுமையாக இருந்தது. தன் சிரிப்பை அவ்வளவு தரம் பார்த்த மனிதர். கடைசியாகப் பார்த்ததும் அதுவாகவே இருக்கலாம். மரண அறிவித்தலைத் திறந்தார். ரொக்ஸ்பரோவில் ஒருவரும் இல்லை. இன்னும் போட்டிருக்க மாட்டார்கள், பிள்ளைகள் வெளியூரிலிருந்து வர வேண்டாமா? காரை எடுத்துக்கொண்டு ரயில் நிலையப் பக்கம் ஓட்டினார்.

மூலை வீட்டு முற்றத்தில் குணரத்தினம் மேப்பிள் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். பேரின்பநாதன் காரை நடுத்தெருவில் விட்டு, கதவையும் மூடாமல் ஓடிப்போய் அவருடைய இரண்டு தோளையும் பிடித்தார்.

"அண்ணை! உயிரோடை இருக்கிறியள்!"

குணரத்தினத்தின் கையிலிருந்த வாரி கீழே விழுந்தது. "ஏன், ஆர் என்ன சொன்னது?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. சனிக்கிழமை பின்னேரம் உங்களுக்கு ஏதும் நடந்ததோ?"

"இல்லையே."

"யோசிச்சுச் சொல்லுங்கோ. ஏதோ நடந்திருக்கு."

குணரத்தினம் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளிறியது. சனிக்கிழமை பின்னேரம் ஏப்பம் வந்தது ஞாபகம் வந்தது. பேரின்பநாதன் போன கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், விடியும் வரை பிளாஸ்ரிக் கதிரையில் குந்தியிருந்தார். கடைசியில் வந்த இளம் வைத்தியர், இந்த வயதில் இப்படி ஓர் இதயத்தைத் தான் கண்டதில்லை என்று கைகுலுக்கி அனுப்பினாராம். அது பிறகு தெரிந்த கதை.

அந்தத் திங்கள் மாலை சிவாஜினி இடியப்பமும் சொதியும் வைத்திருந்தாள். கயலையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பேரின்பநாதன் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார். ரொக்ஸ்பரோவில் இருந்த வாடிக்கையாளரை, அவர் எத்தனை தரம் அழுத்தினார் என்பதை, அந்த மனிதர் ஒரேயடியாக மறைந்துபோனதை.

"எப்போ மறைஞ்சார் அங்கிள்?" என்று கயல் கேட்டாள்.

"சனிக்கிழமை பின்னேரம்."

கயல் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. காலைல மரண அறிவித்தல் நீங்க பாப்பீங்கல்ல?"

"பாப்பன்."

"கொலஸ்ட்ரால்?"

"அதுக்கென்ன? எல்லாருக்கும் இருக்கு."

"பனி அள்ளுற மிஷின்?"

"என்ரை போன குளிரோடை..." என்று தொடங்கிய பேரின்பநாதன் வாயைத் திறந்தபடியே நிறுத்தினார்.

"உங்க விளம்பரத்தை நீங்களே அமுக்கிட்டு இருந்திருக்கீங்க அங்கிள். இவர் வீடு விக்கத் துடிக்கிறார்னு அது நினைச்சு, உங்களை உங்க பின்னாலயே அனுப்பியிருக்கு. சனிக்கிழமை நான் உங்களைத் துடைச்சேனா, அவங்க பக்கம் பார்த்தா ஆளே இல்ல."

பேரின்பநாதன் வாயிலிருந்ததை விழுங்கினார். பிறகு மேசையில் அடித்தார். "இல்லை! வெர்டனிலை நான் ஏன் அப்பாட்மென்ற் பாக்கிறன்? சொல்லும் பாப்பம். பொம்பிளையளின்ரை நீச்சல் உடுப்பு நான் பாத்தனானோ? பெரிய சைஸ்! சத்தியமா இல்லை. அந்த ஆள் வேறை. அந்த ஆள் இருக்கிறார்!"

"அது நான்" என்றாள் சிவாஜினி.

சொதி ஆறிக்கொண்டிருந்தது. கயல் எழும்பப் பார்த்தாள். எழும்பினால் கதிரை சத்தம் போடும் என்று அப்படியே இருந்தாள்.

"சனிக்கிழமையளிலை நான் கோயிலுக்கு மட்டும் போறேல்லை. சித்திரையிலை இருந்து நீந்தப் பழகிறன். கார்டெரியிலை என்னோடை வேலை செய்யிற பிள்ளையள் ரெண்டு பேரும் வருகினம்."

"நீந்தவோ? நீரோ?"

"ஓம். இப்ப மல்லாக்க மிதப்பன்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "அப்பாட்மென்றும் நான்தான் பாத்தனான். எங்கடை பிள்ளையள் வீட்டை விட்டுப் போட்டுதுகள். அஞ்சு அறையையும் நான்தான் கூட்டுறன். குளிருக்குள்ளை பஸ்ஸுக்கு நிண்டு நிண்டு எனக்குக் காலமைச் சீவியமே வெறுத்துப் போச்சு. ஆத்துக்குக் கிட்ட, மெட்ரோக்குக் கிட்ட, சின்னனா ஒரு இடம் காணும்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே! நான் உந்தத் தொழில்தானே செய்யிறன்!"

"சொன்னனான். முந்தியும் சொன்னனான், அதுக்கு முந்தியும் சொன்னனான். நீங்கள் வட்டி இறங்கட்டும் எண்டியள். மாக்கெற் சரியில்லை எண்டியள். வசந்தம் வரட்டும் எண்டியள்." அவள் தண்ணீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "விளம்பரத்திலை நிண்ட ஆள் அப்பிடிச் சொல்லேல்லை. இதுதான் நல்ல நேரம் எண்டுது. அமத்தினால் வந்து, உங்களுக்கு என்ன வேணும் சொல்லுங்கோ, நான் ஆறுதலாக் கேக்கிறன் எண்டுது. நானும் அதை அடிக்கடி போட்டுப் பாத்தனான். நல்லாக் கதைக்குது."

பேரின்பநாதனுக்கு அந்த நீலக் கழுத்துப்பட்டிக்காரன் மேல் ஆத்திரமாக வந்தது. தன்னுடைய மனைவியோடு, தன்னுடைய வீட்டில், தன்னுடைய முகத்தை வைத்துக்கொண்டு, தான் சொல்லாததையெல்லாம் சொல்லியிருக்கிறான். அவனைப் போய் அடிக்கவும் முடியாது.

"அப்போ இந்த வீட்டை வித்துட்டா நான் எங்க போறது?" என்று கயல் மெல்லக் கேட்டாள். சிவாஜினி அவளுக்கு இன்னொரு இடியப்பம் வைத்தாள்.

அடுத்த நாள் பேரின்பநாதன் றெக்ஸுக்கு எடுத்து, ஆள் கிடைத்துவிட்டார் என்றார்.

"எப்பிடி அண்ணை பிடிச்சனீங்கள்?"

"கலியாணம் கட்டி முப்பது வரியமாச்சு."

றெக்ஸுக்கு முதலில் விளங்கவில்லை. விளக்கியதும் அவன் சிறிதும் கலங்கவில்லை. "பாத்தியளோ, அண்ணை? எங்கடை விளம்பரம் இல்லாட்டி உங்கடை வாடிக்கையாளர் உங்கடை வீட்டுக்குள்ளையே இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" இதைக் காணொளியில் வந்து சொல்ல முடியுமா என்றும் கேட்டான். பேரின்பநாதன் தொலைபேசியை வைத்தார்.

வீட்டை விற்க அவர் சம்மதித்தார். ஆனால் சிவாஜினி ஒரு நிபந்தனை வைத்தாள். விற்பது வேறு முகவராக இருக்க வேண்டும். "உங்களுக்கு உந்த வீட்டின்ரை ஓட்டை ஒடிசல் எல்லாம் தெரியும். வாறவைக்கு முன்னாலை உங்கடை முகமே காட்டிக் குடுத்திடும்."

வந்தவன் வசீகரன். பேரின்பநாதன் பத்து வருடமாகப் பேசாத போட்டிக்காரன். கார்த்திகை மாதத்து முதல் பனி கொட்டிய அன்று சப்பாத்தைக் கழற்றி உள்ளே வந்து, அறைகளைப் பார்த்து, தொண்டையைச் செருமி, "அண்ணை, என்னைக் கேட்டால் வசந்தம் வரைக்கும் பொறுக்கலாம்" என்றான்.

"இதுதான் நல்ல நேரம்!" என்று பேரின்பநாதன் கத்தினார்.

வசீகரன் பயந்துபோய் அந்த வாரமே விற்பனைப் பலகை நட்டான். பேரின்பநாதன், தான் வாழ்நாள் முழுவதும் வெறுத்த வகை வாடிக்கையாளராக மாறினார். நாளுக்கு நாலு தரம் வசீகரனுக்கு எடுத்தார். படங்கள் இருட்டு என்றார். ஆட்கள் ஏன் வரவில்லை என்றார், வந்தால் ஏன் இவ்வளவு கெதியாய்ப் போனார்கள் என்றார். வசீகரனுக்கு அந்தக் குளிர்காலத்தில் தலைமயிர் கொஞ்சம் உதிர்ந்தது. தை முடிவதற்குள் ஒரு மொரோக்கோக் குடும்பம் வீட்டை வாங்கியது. கீழ்த் தளத்தில் குடியிருப்பவர் கணினி தெரிந்த பெண் என்று அறிந்து, அவள் இருக்கட்டும் என்றார்கள். குடிவந்த வாரமே அவர்களுடைய உலாவியையும் கயல் துடைத்துக் கொடுத்ததாகக் கேள்வி.

வெர்டனின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பேரின்பநாதனுக்கு முதல் மாதம் மூச்சு முட்டியது. ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்குக் கோபித்துக்கொண்டு போக இடமில்லை. இரண்டாம் மாதம், மெட்ரோவில் வேலைக்குப் போய்வரும் சிவாஜினி பின்னேரங்களில் பாட்டு முணுமுணுப்பதைக் கவனித்தார். அவள் சொல்லுவதைக் குறுக்கே வராமல் கேட்டுப் பழகினார். சிரமமாகத்தான் இருந்தது, வட்டி வீதம் நாக்கு நுனி வரை வந்து திரும்பும்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை மணலுக்கு இருவரும் போனார்கள். சிவாஜினி கரும்பச்சை நீச்சல் உடுப்பில் தண்ணீரில் இறங்கினாள். பேரின்பநாதன் காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, துவாயையும் அவளுடைய மூக்குக் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். அவள் மல்லாந்து, கைகளை விரித்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தாள்.

தமிழர் ஒருவர் மணலில் நடந்து வந்து, கண்ணைச் சுருக்கி அவரை உற்றுப் பார்த்தார். பேரின்பநாதன் பழக்க தோஷத்தில் நிமிர்ந்து நின்றார்.

"மன்னிக்கோணும், அண்ணை. அங்கை நிக்கிற சிவப்புக் கார் உங்கடையோ? லைற் எரியுது."

"இல்லை, நாங்கள் நடந்து வந்தனாங்கள்" என்றார் பேரின்பநாதன். அந்த ஆள் போனதும் மறுபடி ஆற்றைப் பார்த்தார். சிவாஜினி கொஞ்சம் தூரம் போயிருந்தாள். கூப்பிடலாமா என்று யோசித்துவிட்டு, கூப்பிடாமல், தண்ணீருக்குள் இரண்டு அடி வைத்தார். குளிர்ந்தது.